எக்ஸ்கவேட்டர் உயரம் கணக்கில் 4.53, டேப்பில் 4.86. எங்கே தவறினேன்?

புதுப்பயணி:

வணக்கம். துறைமுக யார்டில் நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

48 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்று ரோரோ கப்பலில் (வண்டிகள் ஓடியே ஏறி இறங்கும் கப்பல்) வந்து இறங்கியிருக்கிறது. சுங்க வேலை முடிந்துவிட்டது. லோபெட் டிரெய்லரும் (தளம் தாழ்ந்த டிரெய்லர்) வந்தாயிற்று. இதுவரை கன்டெய்னர் மட்டுமே ஏற்றிப் பழகிய கை என்னுடையது. இவ்வளவு பெரிய மெஷின் இதுதான் முதல்.

கேட்லாக்கில் போக்குவரத்து உயரம் 3.58 மீட்டர் என்று இருந்தது. லோபெட் தளம் தரையிலிருந்து 0.95. இரண்டும் சேர்ந்து 4.53. கொஞ்சம் இருக்கட்டும் என்று சாலையில் கொண்டுபோவதற்கான பர்மிட்டுக்கு 4.60 எழுதிக் கொடுத்தேன், கிடைத்தும்விட்டது. வழியில் ரொம்பத் தாழ்வான பாலத்தின் பலகையில் 4.80 என்று போட்டிருக்கிறது. இன்று காலை மெஷினை மேலே ஏற்றி டேப் பிடித்தால் 4.86. மூன்று தடவை பிடித்துவிட்டேன், மாறவில்லை.

டயரில் காற்றைக் குறைத்து அந்தப் பாலத்தை மட்டும் தாண்டிவிடலாம் என்கிறார் டிரைவர். புது பர்மிட் போட்டால் பல நாள் போகும். யார்டில் இலவச நாள் இன்னும் இரண்டுதான், அதற்கு மேல் தரைவாடகை. 33 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது?

அச்சு16:

முதலில் டயரை விட்டுவிடுங்கள் தம்பி. இத்தனை பாரத்தோடு காற்றைக் குறைத்தால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். கிடைக்கப்போவதும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான்.

33 சென்டிமீட்டர் ஒரே இடத்தில் ஒளிந்திருக்காது. நாலு விஷயம் சொல்லுங்கள். மிக உயரமான புள்ளி எது, பூமா (மெஷின் உடலிலிருந்து கிளம்பும் பெரிய கை), கேபினா, கைப்பிடிக் கம்பியா? தளத்தின் 0.95 டிரெய்லர் தாளில் இருந்ததா, மெஷின் ஏறிய பிறகு நீங்களே அளந்ததா? செயினுக்கும் (மெஷின் ஊர்ந்து போகும் இரும்புப் பட்டை) பக்கெட்டுக்கும் (மண் அள்ளும் வாளி) அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள்? கேட்லாக்கில் எந்த ஆர்முக்கான (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் உள்ள கை) உயரத்தைப் பார்த்தீர்கள்?

டேப்பைச் சாய்த்துப் பிடித்த அளவையும் நம்பாதீர்கள். நேரான அலுமினியப் பட்டை ஒன்றை உச்சியின் மேல் வைத்து, ரசமட்டம் பார்த்து, பட்டை நுனியிலிருந்து நூல்குண்டு இறக்கி அளங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும்.

புதுப்பயணி:

நீங்கள் சொன்னபடியே அளந்தேன் அண்ணே, அப்போதும் 4.86.

உச்சி பூமின் வளைவு. ஆர்ம் சிலிண்டரின் அடி அங்கேதான் இருக்கிறது, அதன் மேல் ஹோஸ்கள் வில் மாதிரி வளைந்து நிற்கின்றன. தளம் பாரத்தோடும் 0.95 தான், ஏர் சஸ்பென்ஷன். செயினுக்கு அடியில் 5 சென்டிமீட்டர் பலகை. பக்கெட் தளத்தைக் கீறிவிடும் என்று அதற்கு மட்டும் ரயில் கட்டை இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன், அது 25 சென்டிமீட்டர்.

ஆர்ம் பற்றிக் கேட்டதும்தான் கேட்லாக்கை மறுபடி திறந்தேன். அட்டவணையில் மூன்று பத்தி இருக்கிறது. நான் பார்த்தது முதல் பத்தி, குட்டை ஆர்ம். வந்திருக்கும் மெஷினில் நீள ஆர்ம். அந்தப் பத்தியில் உயரம் 3.74.

அச்சு16:

அப்படியானால் கணக்கு தீர்ந்தது. நீள ஆர்மால் 16. பலகையால் 5. மீதி 12.

அந்த 12 உங்கள் ரயில் கட்டை. பூம் அடியில் பின் (இணைப்பு ஆணி) போட்டுத் தொங்கும் ஒரு நெம்புகோல். நுனியை 25 உயர்த்தினால் நடுவில் இருக்கும் வளைவு ஏறக்குறைய பாதி உயரும். 16, 5, 12: உங்கள் 33 வந்துவிட்டது.

கட்டைகளை உருவுங்கள். 4.74 ஆகும். அதுவும் உங்களுக்குப் போதாது, ஆகவே பக்கெட்டைக் கழற்றுங்கள். அது போனால் ஆர்ம் இன்னும் கீழே படுக்கும், பூமும் கூடவே இறங்கும். இரண்டு பின்தான். ஆனால் பின்னைத் தட்டுவதற்கு முன் பக்கெட் தரையில் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னில் இழுவை இருக்கும்போது சம்மட்டியால் அடித்தால் பின்னும் வராது, வந்தால் பக்கெட் எந்தப் பக்கம் உருளும் என்றும் சொல்ல முடியாது. அதற்காக மெஷினை லோபெட்டிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும். அரை நாள் வேலை, அலுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள்.

பாலம்பார்ப்பவன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த 4.80 பலகையை நீங்கள் அளந்தீர்களா, படித்தீர்களா?

நான் ரூட் சர்வே செய்கிறவன். பலகை எழுதிய பிறகு அதன் அடியில் தார் இரண்டு தடவை போட்டிருப்பார்கள், பலகை மட்டும் அப்படியே நிற்கும். சில இடங்களில் பலகை கொஞ்சம் குறைத்தே எழுதியிருக்கும், அது நம் அதிர்ஷ்டம். எப்படியும் ஒவ்வொரு லேனிலும் கம்பு பிடித்துப் பாருங்கள். வளைவுப் பாலமாக இருந்தால் நடுவில் ஒரு உயரம், ஓரத்தில் வேறு உயரம்.

புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: சாலை பள்ளமாக இறங்கி ஏறும் இடத்தில் பாலம் இருந்தால், நின்று அளந்த உயரம் உங்களுக்குக் கிடைக்காது. முன்சக்கரம் ஒரு சரிவில் ஏறியிருக்கும், பின்சக்கரம் மறு சரிவில் இருக்கும், நடுவில் உள்ள தளம் நாண் மாதிரி தூக்கி நிற்கும். உங்கள் பூம் வளைவு சரியாக அந்த நடுவில்தான் இருக்கிறது. சமதளத்தில் 4.60 இருக்கும் லோடு அங்கே பாலத்துக்கு 4.70 ஆகத் தெரியலாம். ரயில்வே பாலங்களுக்கு அடியில் பெரும்பாலும் இந்தப் பள்ளம் உண்டு.

மேடாக இருக்கும் லெவல் கிராசிங்கில் இதற்கு நேர் எதிர். அங்கே லோபெட்டின் வயிறு தண்டவாளத்தில் உட்கார்ந்துவிடும். வயிற்றுக்கும் தரைக்கும் எத்தனை இடைவெளி என்று அளந்து வையுங்கள்.

புதுப்பயணி:

அந்தப் பாலம் ரயில்வே பாலம்தான், சாலையும் இறங்கி ஏறுகிறது. வயிற்றில் பயம் வந்துவிட்டது. மாலையில் போய்க் கம்பு பிடிக்கிறேன்.

பக்கெட் 2.4 டன். கழற்றியதைப் பின்னால் தளத்திலேயே போட்டுக்கொள்ளலாமா? முன்பக்கம் எடை குறைந்தால் பின் ஆக்சில்களில் எடை கூடிவிடுமா? பர்மிட்டில் ஆக்சில் எடையும் எழுதியிருக்கிறேன்.

அச்சு16:

எடை கூடாது. கிங்பின்னுக்கும் (டிரெய்லரை முன் லாரியோடு மாட்டும் ஆணி) ஆக்சில்களுக்கும் நடுவில் இருக்கும் பொருளை எடுத்தால் இரண்டு பக்கமும் குறையும். உங்கள் பக்கெட் கிங்பின்னுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருப்பதாகவும், கிங்பின்னிலிருந்து ஆக்சில் நடு வரை 9 மீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிங்பின்னில் 2 டன் குறையும், ஆக்சில் பக்கம் 0.4.

எடையைக் கெடுப்பது மெஷினை நிறுத்தும் இடம். அதே 9 மீட்டரில், 48 டன்னை 30 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி நிறுத்தினால் 1.6 டன் ஆக்சிலுக்குப் போய்விடும். ஆகவே இறக்கும் முன் செயின் நிற்கும் இடத்தைத் தளத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மறுபடி ஏற்றும்போது அதே கோட்டில் நிறுத்துங்கள். கிளம்பும் முன் துறைமுக எடைமேடையில் ஆக்சில் ஆக்சிலாக ஒரு எடை. கேட்லாக்கின் இயக்க எடையை இதற்கு எடுக்காதீர்கள். ஐஎஸ்ஓ 6016 முறைப்படி அதில் நிரம்பிய டீசல் டேங்கும் 75 கிலோ ஆபரேட்டரும் சேர்த்தி.

பக்கெட்டை அதே வண்டியில் போடாதீர்கள். பிரிக்க முடியாத ஒற்றைப் பொருள் என்பதால்தான் பல நாடுகளில் இந்தச் சிறப்பு பர்மிட்டே தருகிறார்கள். பக்கத்தில் தனியாக ஒரு பக்கெட் கிடந்தால், வழியில் நிறுத்துகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். சாதாரண லாரியில் அனுப்புங்கள்.

சங்கிலிக்கணக்கு:

உயரம் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள், கட்டுவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. எத்தனை சங்கிலி?

புதுப்பயணி:

நாலு மூலைக்கு நாலு. 13 மில்லிமீட்டர், கிரேடு 80.

சங்கிலிக்கணக்கு:

போதாது. ஐரோப்பிய விதி ஈஎன் 12195-1 முன்பக்கத்துக்கு எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் 0.5 பங்கு தாங்க வேண்டும் என்கிறது. 48 டன்னுக்கு முன்பக்கம் 38.4 டன் விசை. பலகை மேல் செயின் நிற்பதால் உராய்வு 0.3 என்று எடுத்து, அந்த விதி சொல்கிறபடி அதில் முக்கால் பங்கை மட்டும் நம்பினால் 10.8 கழியும். மீதி 27.6.

13 மில்லிமீட்டர் சங்கிலியின் கட்டுத்திறன் 100 கிலோநியூட்டன், ஏறக்குறைய 10 டன். ஆனால் அது கீழ்நோக்கி 35 டிகிரி, பக்கவாட்டில் 45 டிகிரி சாய்ந்து போகிறது. நேர் பின்னோக்கி அது பிடிப்பது 5.8 டன். கீழே அழுத்துவதால் வரும் உராய்வையும் சேர்த்தால் 7.1. 27.6ஐ 7.1ஆல் வகுங்கள்: முன்னே ஓடாமல் இழுத்துப் பிடிக்க மட்டுமே நாலு வேண்டும். உங்களிடம் அந்தத் திசைக்கு இரண்டுதான் இருக்கிறது. எதிர்ப் பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு, ஆர்முக்குத் தனியாக ஒன்று. செயின் கூஸ்நெக் (டிரெய்லரின் முன்பக்கம் உயர்ந்து வளையும் கழுத்து) படியில் முட்டி நிற்குமானால் கொஞ்சம் குறையும், ஆனால் உங்கள் ஆக்சில் கணக்கு அதற்கு இடம் தராது என்று நினைக்கிறேன்.

மெஷினில் கட்டு வளையம் என்று அடையாளம் போட்ட இடத்தில் மட்டும் மாட்டுங்கள். ஏணிப்படியிலும் கைப்பிடியிலும் மாட்டிய கட்டுகளைப் பார்த்திருக்கிறேன், அதெல்லாம் புகைப்படத்துக்குத்தான் ஆகும். சுழல் பூட்டு போட்டீர்களா? மேல்பாகம் சுழன்றால் எத்தனை சங்கிலி இருந்தும் பயனில்லை. செயினில் காய்ந்த மண்ணைச் சுரண்டிவிட்டு ஏற்றுங்கள். மண் இருந்தால் நான் சொன்ன 0.3 கிடைக்காது.

புதுப்பயணி:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

ரயில் கட்டையை எடுத்து, பக்கெட்டைக் கழற்றி, சாக்பீஸ் கோட்டில் மறுபடி ஏற்றினோம். பட்டையும் நூல்குண்டும் வைத்து அளந்ததில் 4.58. பர்மிட்டுக்கு 2 சென்டிமீட்டர் உள்ளே. ஒரு பின் வரவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. பூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி இழுவையை எடுத்ததும் கையாலேயே வந்துவிட்டது. இன்னும் மூன்று சங்கிலியும் டைட்டனர்களும் வாடகைக்கு எடுத்தேன்.

ரயில்வே பாலத்தில் இடது லேனில் கம்புக்கு 4.77 தான் கிடைத்தது, பலகையை விட 3 குறைவு. வலது லேனில் 4.83. இரவில் எதிர்ப்பக்கத்தை நிறுத்திவிட்டு வலது பக்கமாக நடை வேகத்தில் போனோம். நான் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது ஹோஸ் வில்லுக்கும் இரும்பு உத்தரத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. பாலம்பார்ப்பவன் சொன்ன அந்த நாண் கணக்கு தெரியாமல் இடது பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

சங்கிலிக்கணக்கு:

வழியில் சங்கிலிகளை இறுக்கிப் பார்த்தீர்களா?

புதுப்பயணி:

முதல் 20 கிலோமீட்டரில் நிறுத்தினோம். பின்பக்கச் சங்கிலி இரண்டு தளர்ந்திருந்தது, பலகை அமுங்கியதால் இருக்க வேண்டும். டைட்டனரை ஒன்றரைச் சுற்று சுற்றினோம். அதற்குப் பிறகு இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தோம், அசையவில்லை.

மெஷின் சைட்டில் இறங்கிவிட்டது. பக்கெட் இன்னும் யார்டில்தான் கிடக்கிறது, நாளைக்குச் சாதாரண லாரி.