இரண்டாவது கேட்டை மூடச் சொல்கிறது நகராட்சி: இருக்கட்டுமா, கூடாதா?

கிழக்குவாசல்:
எங்கள் வீட்டுக்கு ரோட்டைப் பார்த்து இரண்டு கேட். ஒன்றில் கார் நுழையும், போர்டிகோ வழியாகப் போய் இன்னொன்றில் வெளியே வரும். முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்து, 20 வருடத்துக்கும் மேலாக இப்படித்தான். இப்போது நடைபாதையைப் புதுப்பிக்கிறார்கள். ஒரு மனைக்கு ஒரு வழிதான், இரண்டாவதற்கு அனுமதி வாங்கிய பதிவே இல்லை, மூடுங்கள் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் நகர்மன்றம் முடிவு செய்யும். அம்மாவால் நாலு எட்டு நடக்க முடியாது, படி வரைக்கும் கார் வந்தால்தான் இறக்க முடியும். ஒரு கேட்டை அடைத்தால் தினமும் ரிவர்ஸிலேயே ரோட்டுக்கு வர வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அப்படி வந்து பார்த்தால் தெரியும். இது இருப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?

தினநடை:
எனக்கு நஷ்டம். என் கணவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார், நான்தான் தள்ளுகிறேன். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் நடைபாதை ரோட்டுப் பக்கம் சரிகிறது. அங்கே போனதும் முன்சக்கரங்கள் தானாக ரோட்டை நோக்கித் திரும்பும். ஒரு கையால் நாற்காலியை மேல்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தள்ள வேண்டும், அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், மழை பெய்த மறுநாள் என்றால் அந்தப் பள்ளத்தில் சேறும் இருக்கும். வீட்டுக்கு ஒன்று என்றால் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மாவுக்காகக் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்தச் சரிவு உங்கள் மனைக்குள் இல்லையே, எல்லோரும் நடக்கிற பாதையில் இருக்கிறது.

முருங்கைக்கிளை:
20 வருடமாக வரி வாங்கும்போது கண்ணில் படாத கேட் இப்போதுதான் படுகிறதா? இவர் இரண்டு கேட்டையும் பார்த்துத்தான் வீட்டை வாங்கியிருக்கிறார். அன்றைக்கே தடுத்திருக்க வேண்டும். தூங்கிவிட்டு வந்து உடை என்றால் அது அநியாயம். விடக்கூடாது சார் நீங்கள்.

அளவுநாடா:
சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரோட்டை ஒட்டிய நிலத்துக்கு ரோட்டுக்கு வர ஒரு வழி வேண்டும் என்பதைப் பல நாட்டுச் சட்டங்களும் ஒப்புக்கொள்கின்றன. எத்தனை வழி, எந்த இடத்தில் என்பது ரோட்டைப் பராமரிப்பவர் கையில்தான் இருக்கிறது. அதனால் "இத்தனை வருடம் இருந்தது" என்பதை மட்டும் நம்பி மன்றத்துக்குப் போகாதீர்கள்.

ரிவர்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மதில் ஓரமாகப் பின்னால் வரும் டிரைவருக்கு, காரின் பின்பகுதி நடைபாதையைத் தாண்டும்வரை இரண்டு பக்கமும் தெரியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியோ ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் வந்துவிடும்.

அந்தச் சகோதரி சொன்னதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓரக்கல் 15 சென்டிமீட்டர் உயரம், நடைபாதை 2 மீட்டர் அகலம் என்றால், முழு அகலத்தையும் சரித்தால் மீட்டருக்கு ஏழரை சென்டிமீட்டர் சரிவு. நாற்காலி போகிற பாதையில் குறுக்குச் சரிவு மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சரி, உங்கள் வீட்டு முகப்பு எத்தனை மீட்டர்?

கிழக்குவாசல்:
18 மீட்டர். கேட் ஒவ்வொன்றும் மூன்றரை, இரண்டு கோடியிலும்.

அளவுநாடா:
அப்படியானால் நடுவில் 11 மீட்டர். ஓரமாக நிறுத்த ஒரு காருக்கு 6 மீட்டர் வேண்டும், ஆக ஒரு கார்தான் நிற்கும். ஒரு கேட்டை மூடினால் பதினாலரை மீட்டர் கிடைக்கும், இரண்டு கார் நிற்கும். தெருவுக்கு ஓர் இடம் போகிறது என்பது மன்றத்தில் கட்டாயம் வரும், பதில் வைத்துக்கொள்ளுங்கள். வளாகத்துக்குள்ளேயே காரைத் திருப்ப முடிந்தால் ஒரு கேட் போதும் என்பார்கள். இடம் இருக்கிறதா?

கிழக்குவாசல்:
இன்று காலை டேப் பிடித்துப் பார்த்தேன். போர்டிகோ தூணிலிருந்து முன்மதில் வரை 4.1 மீட்டர், என் கார் நீளமே 4.3. திருப்ப வழியில்லை.

அளவுநாடா:
அந்த அளவைப் படமாக வரைந்து மனுவோடு கொடுங்கள், அதுதான் உங்கள் பலமான வாதம். அப்புறம், நடைபாதையைச் சரிக்காமலே கேட் வைக்கலாம். ரோட்டோரம் 60 சென்டிமீட்டரில் மட்டும் கார் ஏறி இறங்கச் சரிவு கொடுத்துவிட்டு மீதி 1.4 மீட்டரை மட்டமாக விட்டால் நாற்காலி நேராகப் போகும். கார் கொஞ்சம் குலுங்கும், அது பரவாயில்லை.

கிழக்குவாசல்:
அப்படியென்றால் இரண்டாவது கேட்டை வெளியே போக மட்டும் வைத்துக்கொள்கிறேன், அகலத்தை 3 மீட்டராகக் குறைக்கிறேன், இரண்டு கேட் முன்னாலும் நடைபாதையை மட்டமாக்கும் செலவு என்னுடையது. எழுதிக் கொடுக்கத் தயார். சகோதரி, இதற்குச் சம்மதிப்பீர்களா?

முருங்கைக்கிளை:
நீங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்? நடைபாதை போடுவது அவர்கள் வேலை.

தினநடை:
மட்டமாக வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாளைக்கு வீட்டை விற்றுவிட்டால், வாங்குகிறவர் கார் குலுங்குகிறது என்று மறுபடி சரித்துவிடுவார், முதலில் சரித்தவரும் இப்படி யாரையும் கேட்காமல் செய்தவர்தானே. இந்த நிபந்தனை அனுமதிப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும், யார் உரிமையாளராக வந்தாலும் அவரைக் கட்ட வேண்டும். அப்படி எழுதினால் கூட்டத்துக்கு வந்து உங்களுக்காகவே பேசுகிறேன், இல்லையென்றால் எதிர்த்துத்தான் பேசுவேன்.