மறு: ‘லேட்டன்சி’க்குத் தமிழ்ச்சொல் – என் வாக்கு ‘சுணக்கம்’ என்பதற்கே

அன்பின் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் இசைச் செயலியின் அமைப்புகள் பக்கத்தில் ‘லேட்டன்சி’க்கு உரிய இடம் இன்னமும் வெறுமையாகக் கிடக்கிறது. இதுவரை வந்த மடல்களில் தாமதம், மறைநிலை, பிந்தல், அனாகதம் ஆகிய நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தாவதாகச் ‘சுணக்கம்’ என்பதை நான் முன்வைக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். விரல் திரையைத் தொடும் நேரத்துக்கும் ஒலி நம் காதில் விழும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் குறிக்க வேண்டும். கைத்தொலைபேசி ஒலியைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவதில்லை. ஒலியை எண்களாக்கி, செக்கனுக்கு 48,000 எண்கள் வீதம் கணக்கிட்டு, இடையகம் (பஃபர்) என்னும் தற்காலிக நினைவிடத்தில் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்துத்தான் அனுப்புகிறது. ஒரு கட்டில் 256 எண்கள் என்றால் அதற்கு 5.3 மில்லிசெக்கன் ஆகும். இரண்டு கட்டுகள் வரிசையில் நின்றால் 10.7 மில்லிசெக்கன். கட்டைச் சிறிதாக்கினால் இடைவெளி குறையும். ஆனால் மலிவான கைத்தொலைபேசி கணக்கை நேரத்துக்கு முடிக்க மாட்டாமல் கரகரக்கத் தொடங்கிவிடும். வாசிப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவே தன் கருவிக்கு ஏற்ற அளவைத் தேடிப் பிடிக்கத்தான் அந்த அமைப்புப் பக்கமே இருக்கிறது. ஆகவே அங்கே நிற்கும் சொல், கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அவருக்குச் சரியாகக் காட்ட வேண்டும்.

‘பிந்தல்’ என்ற சொல்லை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம். மாசியில் எங்கள் மலையகத் தோட்டத்தில் ஆடும் காமன் கூத்து என்ற நாட்டுக்கூத்தின் ஒத்திகைக்குக் கைத்தொலைபேசியுடன் போயிருந்தேன். தப்பு என்னும் தோற்பறையின் அடிகளைச் செயலியில் பதிந்து வைத்து, திரையில் உள்ள கட்டங்களைத் தட்டி அவர்களோடு சேர்ந்து வாசிப்பது என் எண்ணம். வைக்கோல் தீயில் தப்பைக் காய்ச்சுவதும், விரலால் சுண்டிப் பார்ப்பதும், தோல் இன்னும் இறுகவில்லை என்று மீண்டும் தீயில் காட்டுவதுமாகத் தப்புக்காரர்கள் ஆயத்தமானார்கள். அந்த முழக்கத்துக்கு முன்னால் கைத்தொலைபேசியின் சத்தம் எடுபடாது என்பதால் புளூடூத் ஒலிபெருக்கி ஒன்றை இணைத்திருந்தேன். இரண்டு சுற்று போனதும் மூத்தவர் கையை நிறுத்தி, “தம்பி, உங்கள் அடி பிந்தி விழுகிறது” என்றார். புளூடூத்தை விட்டுவிட்டு, கம்பி வழியாகக் கோயில் ஒலிபெருக்கிக்குக் கொடுத்தேன். அதே விரல், அதே அடி. இம்முறை அவர் ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்.

பிந்துவது ஆளின் செயல். தாளத்தில் ஒருவர் முந்துவார், இன்னொருவர் பிந்துவார். பயிற்சியால் இரண்டையும் திருத்திக்கொள்ளலாம். அந்தப் பெரியவர் காதில் விழுந்ததைத்தான் சொன்னார். காதுக்கு விரலையும் கருவியையும் பிரித்துக் காட்ட வழியில்லை. கலைச்சொல் அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இசை பழக வரும் பிள்ளை, தன் கைதான் சரியில்லை என்று நம்பி வாசிப்பதையே விட்டுவிடும். இது எனக்குப் பெரிய விடயமாகவே படுகிறது.

‘தாமதம்’ நல்ல சொல்தான். ஆனால் அதே செயலியில் அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒலியை வேண்டுமென்றே சற்றுப் பொறுத்து மறுபடி ஒலிக்கச் செய்யும் விளைவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டோம். கலைஞர் விரும்பிச் சேர்ப்பதற்கும் கருவி அவரைக் கேளாமல் சேர்ப்பதற்கும் ஒரே பெயர் இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ‘அனாகதம்’ அழகான பழைய சொல். தாளம் தொடங்கிய பின் பாட்டை எடுக்கும் எடுப்பைக் குறிப்பது. அது இயற்றியவரின் தீர்மானம். அதைப் பொறியின் குறைக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. ‘மறைநிலை’யில் நேரம் என்ற கருத்தே இல்லை.

இலக்கமுறைக் கருவி என்றாலே இந்தக் குறை கூடவே வரும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அப்படிச் சொல்ல முடியாது. கண்டியில் பழைய வானொலி திருத்தும் கடை ஒன்றில் காசியோ எஸ்கே-1 ஒன்று கிடைத்தது. 1980களில் வந்த, 32 சிறிய கட்டைகள் கொண்ட மின் இசைக்கருவி (கீபோர்ட்). 8 பிட் இலக்கமுறையில் ஒன்றரைச் செக்கனுக்கும் குறைவான ஒலியைப் பதிந்து வாசிக்கும். மலைநாட்டு ஈரத்தில் அதன் கட்டைகள் பாதி ஊமையாகிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு கட்டையின் கீழும் உள்ள இறப்பர்க் குமிழில், கரி பூசிய கறுப்புப் பொட்டின் மேல் மெல்லிய படலம் படிந்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்ததும் எல்லாம் பேசின. இன்று அதில் தப்பைப் பதிந்து அழுத்தினால், கட்டை அடியில் முட்டும்போதே அடி விழுகிறது. அதன் சில்லுக்கு வேறு வேலை எதுவும் இல்லை. கைத்தொலைபேசியோ அழைப்பையும் செய்தியையும் திரையையும் கவனித்துக்கொண்டு நமக்கும் ஒலி தருகிறது. அண்ட்ரொயிட் 8.0 பதிப்பில் வந்த ஏஆடியோ என்ற ஒலி இடைமுகம் போன்றவை அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் உருவாக்கப்பட்டன.

இனிச் சுணக்கத்துக்கு வருகிறேன். தமிழகத்து அண்ணர் ஒருவர், அங்கே பத்திரிகைகளில் ‘பணிகளில் சுணக்கம்’ என்றால் மெத்தனம் என்ற வாடை அடிக்கும் என்றார். எனக்கு அது இச்சொல்லுக்குப் பலமாகவே தெரிகிறது. பணி நிற்கவில்லை, நடக்கிறது. நடக்க வேண்டிய விரைவில் நடக்கவில்லை. கருவியின் நிலையும் அதுவே. சங்க இலக்கியத்தில் ‘சுணங்கு’ மேனியில் படரும் தேமலைக் குறிக்கும் என்று குழுமத்து அக்கா ஒருவர் தெரிவித்த கவலையும் சரியானதே. ஆனால் நாம் எடுப்பது ‘சுணக்கம்’ என்ற வடிவம். இரண்டும் ஓரிடத்தில் மோதாது.

சொல் கூட்டுச்சொற்களுக்கு வளைந்துகொடுக்கிறதா என்றும் பார்த்தேன். இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று சுரக் கட்டளைகளை அனுப்ப 1983இல் வந்த மிடி நெறிமுறை செக்கனுக்கு 31,250 பிட் அனுப்பும். ஒரு சுரத்துக்கான மூன்று பைட்டுகளும் 30 பிட்டுகளாகப் போவதால் மிடிச் சுணக்கம் ஏறத்தாழ 1 மில்லிசெக்கன். அதன்மேல் இடையகச் சுணக்கம் 10.7. ஒலிபெருக்கி 3.4 மீற்றர் தள்ளியிருந்தால் காற்றுச் சுணக்கம் 10. புளூடூத்துச் சுணக்கம் 100ஐத் தாண்டுவது சாதாரணம். அது 150 ஆனால், ஐம்பது மீற்றருக்கு அப்பால் நிற்கும் தப்புக்காரரோடு சேர்ந்து வாசிப்பதற்குச் சமம். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தச் சுணக்கம். இந்த வாக்கியங்களில் ‘மறைநிலை’யை வைத்துப் படித்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே இலங்கைப் பள்ளிக்கூடத்தில் மீடிறன் என்று படித்தோம், அங்கே தமிழகத்தில் அதையே அதிர்வெண் என்று படித்தார்கள். இங்கே இலத்திரனியல், அங்கே மின்னணுவியல். அவற்றை இனி ஒன்றாக்குவது கடினம். ஆனால் இது இன்னும் பிறக்காத சொல். இரு கரையிலும் மக்கள் வாயில் உள்ள ஒன்றையே முதலிலேயே எடுத்துக்கொண்டால், செயலிக்கு இரண்டு தமிழ்ப் பதிப்புகள் தேவைப்படாது.

மறுப்பு இருந்தால் வரும் ஞாயிறுக்குள் எழுதுங்கள். இல்லையேல் ‘சுணக்கம்’ என்றே கோப்பில் ஏற்றிவிடுகிறேன். சுணக்கம் ஒரே அளவில் நில்லாமல் கூடிக் குறைவதற்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. ‘சுணக்கத் தளம்பல்’ என்பது என் முன்மொழிவு. தளம்பல் இங்கே பாடநூல் வழக்கு; தமிழகத்தில் விளங்குமா என்று அண்ணர் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து