கேனோ மேல எபாக்ஸி பூசினதும் குட்டி குட்டியா குமிழி, எங்க தப்பு பண்ணேன்?

மரத்தூள்:
வணக்கம் மக்களே, லீவு நாள்ல மட்டும் உக்காந்து 15 அடி கேனோ (துடுப்பு போடற ஒடுக்கமான சின்னப் படகு) ஒண்ணு கட்டிட்டு இருக்கேன், சீடார் ஸ்ட்ரிப், அதாவது சீடார் மரத்த மெல்லிசா நீளமா அறுத்து ஒட்டறது, 6 மி.மீ. கனம். நேத்து காலைல வெளிப்பக்கம் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஃபைபர்கிளாஸ் துணி விரிச்சு எபாக்ஸி (ரெசினும் ஹார்ட்னரும் கலந்தா கெட்டியாகற பசை) போட்டேன். மொத அரை மணி நேரம் துணி இருக்கறதே தெரியல, அவ்ளோ தெளிவு. பதினோரு மணிக்கு வந்து பாத்தா துணிக்கு அடியில குண்டூசித் தலை சைஸ்ல வெள்ளை வெள்ளையா குமிழி. அதுபோக பின்பக்கம் ஒரு முழம் இன்னும் பிசுபிசுங்குது, தொட்டா கைரேகை பதியுது. அந்த எடத்துக்கு கலக்கின கப்ல மட்டும் சீக்கிரம் காயட்டும்னு ஹார்ட்னர் கொஞ்சம் தாராளமா ஊத்துனேன். மேல இன்னொரு கோட் அடிச்சா சரியாயிடுமா?

துடுப்பு:
குமிழிக்கு காரணம் நீங்க காலைல ஆரம்பிச்சதுதான். வெயில் ஏற ஏற மரம் சூடாகும், உள்ள இருக்கற காத்து விரிஞ்சு வெளிய வரும், மேல எபாக்ஸி மூடிட்டு இருக்கறதால அங்கயே மாட்டிக்கும். சாயங்காலம் மரம் ஆற ஆரம்பிக்கறப்ப போடுங்க, அப்ப எபாக்ஸிய உள்ளதான் இழுக்கும். உள்பக்கத்துக்கு துணி விரிக்கறதுக்கு முன்னாடியே மெல்லிசா ஒரு கோட் அடிச்சு காயவிட்டு தேய்ச்சுட்டீங்கன்னா இன்னும் சேஃப்.

பழையபடகு:
பிசுபிசுப்பு மேல கோட் அடிச்சுடாதீங்க தம்பி, அடியில கடைசி வரைக்கும் காயவே காயாது. ஹார்ட்னர்ங்கறது ரெசினோட சேந்து கெட்டியாகற பொருள், கூட ஊத்துனா சேர ஆள் இல்லாம மிச்சம் அப்படியே நிக்கும். கைரேகை பதியுதுன்னா ஸ்கிரேப்பர் வெச்சு துணியோட சுரண்டி எடுங்க, அசிட்டோன்ல தொடைங்க, சுத்தி ரெண்டு இஞ்ச் சாய்வா தேய்ச்சு புதுத் துணி ஒட்டுங்க. நல்லா காஞ்ச எடத்துலயும் மெழுகு மாதிரி ஒண்ணு படியும், அத வெறும் தண்ணி விட்டு ஸ்க்ரப்பர்ல கழுவினப்புறம் உப்புத்தாள் போடுங்க, இல்லன்னா தாள்ல அப்பிக்கும். கையுறை கட்டாயம், எனக்கு ஒருதடவ அலர்ஜி வந்து இன்னைக்கும் அந்த வாடை பட்டாலே அரிக்குது.

மரத்தூள்:
சுரண்டிட்டேன், துணி ஈரச் சாக்கு மாதிரி உரிஞ்சு வந்துருச்சு 😭 முன்பக்கம் இருக்கற குமிழியயும் எடுக்கணுமா?

துடுப்பு:
வேணாம். பெருசா தூக்கிட்டு நிக்கறத மட்டும் வெட்டி ரொப்புங்க. மத்தது பாக்கத்தான் அசிங்கம், தண்ணி எறங்காது. கடைசில யூவி தாங்குற வார்னிஷ் மறந்துடாதீங்க, வெயில்ல எபாக்ஸி மட்டும் நிக்காது.