வெள்ளநீர் புகுந்த சம்ப்பில் டீசல் வாடை: பிளீச்சிங் பவுடர் போட்டால் போதுமா?

கேள்வி: வடசென்னை_வாசகன்

தரைக்கடியில் இருக்கும் எங்கள் சம்ப்பின் அளவு 8 அடி × 6 அடி × 5 அடி. மூடி வழியாக வெள்ளநீர் உள்ளே போய்விட்டது. வடிந்த பிறகு பார்த்தால் சுவரில் ஓர் அடி உயரத்துக்குப் பிசுபிசுப்பான கறுப்புக் கோடு, டீசல் வாடை. பக்கத்தில் ஒர்க் ஷாப்புகள் இருக்கின்றன. கழிவுநீரும் கலந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்? கொதிக்க வைத்தாலோ ஆர்.ஓ.வில் விட்டாலோ குடிக்கலாமா? போர்வெல்லும் இருக்கிறது. அதன் வாயும் தண்ணீரில் மூழ்கித்தான் இருந்தது.

பதில் 1: நீர்ப்பரிசோதகர்

உங்கள் சம்ப்பில் இரண்டு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. ஒன்றின் மருந்து மற்றதற்கு வேலை செய்யாது. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை (ஹெபடைட்டிஸ் ஏ) எல்லாம் கழிவுநீரில் வருபவை. குளோரினுக்கும் கொதிக்கும் தண்ணீருக்கும் அவை பணியும். டீசல் இரண்டுக்கும் பணியாது. கொதிக்க வைத்தால் ஆவியாகிற பகுதி உங்கள் சமையலறைக் காற்றில்தான் போய்ச் சேரும். மீதி பாத்திரத்திலேயே தங்கும். ஈயம், ஆர்சனிக் போன்றவை இருந்தால் தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடும்.

எண்ணெய் இருக்கும்போதே பிளீச்சிங் போடுவது இன்னும் மோசம். குளோரினை எண்ணெயும் சகதியும் குடித்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. பீனால் வகைப் பொருட்கள் கலந்திருந்தால் ஆஸ்பத்திரி மருந்து வாடை ஒன்று கிளம்பும். எவ்வளவு அலசினாலும் அது சட்டென்று போகாது. ஆகவே முதலில் எண்ணெயை எடுங்கள், கிருமியை அப்புறம் பார்க்கலாம்.

ஆர்.ஓ.வை நம்ப வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. உப்பைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. பெட்ரோல், டீசலில் இருக்கும் பென்சீன் போன்ற சிறிய மூலக்கூறுகளை அது முழுதாகத் தடுப்பதில்லை, எண்ணெய் பட்டால் மெம்பிரேனும் (வடிகட்டும் சவ்வு) கெடும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் அதற்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். குடிநீரில் மினரல் ஆயிலுக்கு (டீசல் போன்ற பெட்ரோலிய எண்ணெய்) நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 தரும் உச்சவரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்.

சம்ப்பு சுத்தமாகும்வரை குடிக்கவும் சமைக்கவும் லாரி அல்லது கேன் தண்ணீர்தான்.

பதில் 2: தொழிற்பாதுகாப்பு

அளவு பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயம். சம்ப்பில் இறங்குபவர்கள் கிருமியாலோ டீசலாலோ சாவதில்லை, மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். சகதி அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அளவு கூடியதும் மூக்கு மரத்துவிடும். அழுகிய முட்டை வாடை நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்கிவிடுவார்கள்.

நம்மூரில் கற்பூரமோ மெழுகுவர்த்தியோ கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. இங்கே அதைச் செய்யவே கூடாது. ஒர்க் ஷாப்பிலிருந்து வந்தது டீசல் மட்டும்தானா, பெட்ரோலும் கலந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. பெட்ரோல் ஆவி இருந்தால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீரை வெளியிலிருந்தே இறைத்துவிடுங்கள். பெட்ரோல், டீசல் பம்பை சம்ப்பு வாயருகே வைத்தால் அதன் கார்பன் மோனாக்சைடு உள்ளே இறங்கித் தங்கும், தள்ளி வையுங்கள். எல்லா மூடிகளையும் திறந்து, புளோயரின் குழாயை அடிமட்டம் வரை விட்டு நல்ல காற்றை உள்ளே தள்ளுங்கள். வேலை முடியும்வரை அதை நிறுத்தக் கூடாது. கேஸ் மீட்டர் (நச்சு வாயுவை அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுவதுதான் சரி. இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. பல இடங்களில் இரண்டாவது சாவு அப்படித்தான் நடக்கிறது.

இன்னொன்று: பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும். ‘கறை போகட்டும்’ என்று ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டு, அலசாமலே பிளீச்சிங் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். மூடிய சம்ப்புக்குள் அது நேரடி விபத்து.

பதில் 3: குளோரின்_கணக்கு

மேலே சொன்ன பாதுகாப்பு முறைகளோடு இதைச் செய்யுங்கள். தண்ணீரை இறைப்பதற்கு முன்பே மிதக்கும் எண்ணெயைப் பழைய துணி, மரத்தூள் போட்டு ஒற்றி எடுத்து, கெட்டியான பையில் கட்டி வையுங்கள். மழைநீர் வடிகாலில் தள்ளினால் அடுத்த தெருவுக்குப் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்து எண்ணெய் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் வரை போனதைப் பார்த்தோமே.

சுவரைச் சோப்புத்தூள் கரைசலால் நார் பிரஷ் போட்டுத் தேய்த்து அலசுங்கள், கையில் பிசுபிசுப்பு இல்லாமல் போகும்வரை. சிமென்ட் பூச்சு எண்ணெயை உறிஞ்சியிருந்தால் பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூசுவதைத் தவிர வழியில்லை.

பிறகு கிருமி நீக்கம். புது பிளீச்சிங் பவுடரில் சுமார் 33% குளோரின் இருக்கும். கடையில் திறந்து கிடந்தால் சீக்கிரம் குறைந்துவிடும். 25% என்று வைத்துக் கணக்கிடுவது நல்லது. கட்டிதட்டி, காரவாடை இல்லாமல் இருந்தால் வாங்காதீர்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 8 கிராம் பவுடர் போட்டால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். தெளிந்த கரைசலால் சுவர், தரை, மூடியின் உட்புறம் எல்லாவற்றையும் அரை மணி நேரம் ஈரமாக வைத்து அலசிவிடுங்கள். கையுறை, கண்ணாடி அணிந்து, புளோயரை ஓடவிட்டே செய்ய வேண்டும்.

8×6×5 என்றால் 240 கன அடி, ஏறக்குறைய 6,800 லிட்டர். கழுவிய சம்ப்பில் நல்ல தண்ணீர் நிரப்பிய பின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம், மொத்தம் 17 கிராம் பவுடர். (33% புது பவுடருக்கான அளவு இது. பழையது என்றால் 23 கிராம் வரை போகும்.) கொஞ்சம் தண்ணீரில் பசைபோலக் குழைத்து, வாளியில் முக்கால் பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு, அதை ஊற்றினால் தண்ணீர் கடினமாகும்.

ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் கிட்டில் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் கொஞ்சம் கூட்டிப் போட்டு மறுபடி ஒரு மணி நேரம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் எவ்வளவு போட்டாலும் நிற்காது. இதற்குப் பிறகும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஒரு நிமிடம் வைத்து இறக்குங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி குளோரினுக்கு அசையாது.

மறுபடியும்: வடசென்னை_வாசகன்

நன்றி. வெள்ளத்தன்று தெரியாமல் மோட்டாரைப் போட்டதில் மாடித் தொட்டிக்கும் அந்தத் தண்ணீர் ஏறிவிட்டது. அது பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீரில் நடந்தவர்களுக்குக் காய்ச்சல் வருமா என்றும் வீட்டில் பயம்.

பதில் 4: நீர்ப்பரிசோதகர்

பிளாஸ்டிக் தொட்டி டீசலை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். சோப்பால் கழுவி, நிரப்பி 24 மணி நேரம் விட்டு முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் தொட்டியை மாற்றுங்கள். குழாயின் ரப்பர் வாஷர்களையும் அப்படியே. வாடை போகும்வரை கீசரைப் போடாதீர்கள்.

பரிசோதனைக்கு இரண்டு மாதிரி தேவை. எண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் என்றால் அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கிருமிக்கு லேப் தரும் பாட்டிலைக் கழுவாமல் பயன்படுத்துங்கள். உள்ளே இருக்கும் தயோசல்பேட் குளோரினை முறிப்பதற்கானது. ஐஸில் வைத்து 6 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

காய்ச்சல் விஷயத்தில் கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சல். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தெரியும், 30 நாள் வரையும் ஆகலாம். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, தலைவலி சேர்ந்தால் மஞ்சள் காமாலை வரும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போய், வெள்ளத்தில் நடந்ததையும் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை மெடிக்கலில் கேட்டு நீங்களாக வாங்கக் கூடாது, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்.

பதில் 5: குளோரின்_கணக்கு

போர்வெல் விட்டுப்போச்சு. முதலில் தெளியும்வரை ஓடவிட்டு முகருங்கள். டீசல் வாடை இருந்தால் குளோரின் போட வேண்டாம், லேப் முடிவு வரட்டும். வாடை இல்லையென்றால் 6 அங்குலக் குழாயில் ஓர் அடிக்கு 5.5 லிட்டர். 200 அடி தண்ணீர் நின்றால் 1,100 லிட்டர். இங்கே லிட்டருக்கு 50 மில்லிகிராம் வேண்டும், அதாவது 25% பவுடர் 220 கிராம். தெளிந்த கரைசலை ஊற்றி, குழாயில் குளோரின் வாடை வரும்வரை மோட்டாரை ஓட்டி நிறுத்துங்கள். 12 மணி நேரம் கழித்து வாடை போகும்வரை வெளியேற்றுங்கள். செப்டிக் டேங்குக்கோ செடிகளுக்கோ விட வேண்டாம்.