தடுப்பூசி போட்டாச்சு, அப்புறம் பரிசோதனை எதுக்கு?

தாண்டிக்குடி மலர்: "தடுப்பூசி போட்ட பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவையே இல்லை" என்று ஏரிச்சாலை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. இந்த நோயைக் கொடுக்கும் எச்பிவி வைரஸில் 16, 18 வகைகள் சேர்ந்து ஏறத்தாழ 70 சதவீத நோய்க்குத்தான் காரணம். மிச்சம் 30?

ஏரிச்சாலை: என் மகளுக்குப் போட்டது ஒன்பது வகை ஊசி. 31, 33, 45, 52, 58 எல்லாம் அதில் உண்டு. உங்கள் 30 எங்கே போச்சு?

தாண்டிக்குடி மலர்: அதுவும் 90 சதவீதத்தோடு நின்றுவிடும். நம் நாட்டு ஊசியான செர்வாவாக்கில் இருப்பது 6, 11, 16, 18தான். அதில் 6, 11 மரு வரவைப்பவை. ஏற்கெனவே ஒட்டிய வைரஸை எந்த ஊசியும் விரட்டாது. காப்பித் தோட்டத்துக்குப் போகிற நாற்பது வயது அக்காவுக்கு உங்கள் மகள் போட்ட ஊசி என்ன செய்யும்? 30க்குப் பதில் சொல்லுங்கள்.

பூம்பாறை பூண்டு: வினிகரைத் தடவிப் பார்ப்பதெல்லாம் ஒரு பரிசோதனையா?

தாண்டிக்குடி மலர்: ஆமாம், பரிசோதனைதான். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் மாறிய திசு வெள்ளையாகத் தெரியும். நம் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் செய்து பார்த்தார்கள். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இந்த நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது.

பூம்பாறை பூண்டு: 35தானா? மிச்சம் 65?

ஏரிச்சாலை: அப்படிக் கேளுங்க!

பண்ணைக்காடு செல்வி: எண்ணை விடுங்கப்பா. எங்கள் ஊர்ப் பரிசோதனை முகாமில் மறைப்புத் துணிகூட இல்லை. ஜன்னலைப் பழைய காலண்டர் அட்டையால் அடைத்திருந்தார்கள். அது காற்றுக்கு விழுந்துகொண்டே இருந்தது. எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள்.

ஏரிச்சாலை: அந்த முகாமுக்கு ஆள் பிடிக்கத்தான் மலர் இப்படிப் பயமுறுத்துகிறார். வத்தலக்குண்டு பஸ் விஷயத்திலும் இதே கூச்சல்தான்.

தாண்டிக்குடி மலர்: கூச்சல் போட்டதால்தான் காலை பஸ் மிஞ்சியது. டவுன்காரர்களுக்கு அது எங்கே தெரியும்? செல்வி, திரை இல்லாதது பெரிய தப்பு, நானே கேட்கிறேன். அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்பதா? பெரும்பாலும் தொற்று இரண்டு வருடத்தில் தானாகப் போய்விடும். போகாமல் தங்குவதுதான் ஆபத்து, அது வலிக்காது. 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறுபடியும் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ஊசி போட்டவர்களும் சேர்த்துத்தான்.

பண்ணைக்காடு செல்வி: போன முறையும் கேட்கிறேன் என்றுதான் சொன்னீர்கள்.

ஏரிச்சாலை: காலை பஸ் மிஞ்சியது எங்கள் சங்கம் மனு கொடுத்ததால். அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

தாண்டிக்குடி மலர்: 30க்கு இன்னும் பதில் வரவில்லை.