புதுப்பிப்பு: அந்தத் துவக்குக் கத்தி அசல்தான்

யாழ்ப்பாணத்தில் பழைய சாமான்காரர் ஒருவரிடம் வாங்கிய பிரிட்டிஷ் பயனெட் (துவக்கு முனையில் பூட்டும் கத்தி) அசலா, போலியா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

காந்தம் வைத்துப் பார்த்தது உதவவில்லை, போலியும் இரும்புதானே. "முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கோ" என்று பதில் எழுதிய ஒரு அண்ணையின் யோசனைதான் கைகொடுத்தது. மண்ணெண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்ததும், பிடிக்குக் கிட்ட கிரீடமும் 1907உம் ஆழமாக, விளிம்பு மழுங்காமல் தெரிந்தன. 1907 என்பது இந்தக் கத்தி மாதிரியின் ஆண்டு. செய்த மாதமும் ஆண்டும் கீழே தனியாக இருக்கும். மறுபக்கத்தில் அரசாங்க அம்புக்குறி, அலகை வளைத்துச் சோதித்ததற்கான எக்ஸ் குறி. அலகு 17 அங்குலம், அதுவும் சரி.

எதிர்பாராதது: கத்தியில் இருந்த, சிலர் சந்தேகப்பட்ட நட்சத்திரக் குறி உண்மையில் முனைக்கு முனை முட்டும் இரண்டு அம்புகள். இராணுவம் கழித்து விற்ற பொருளுக்கு அப்படித்தான் அடிப்பார்களாம். உறையின் தோல் மட்டும் புதிது.