வீட்டில் பிரஷர் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் வேற நம்பர்: எதை எழுதி வைப்பது?

கேள்வி: டிஜிட்டல் மெஷினில் அடுத்தடுத்துப் பார்த்தால் மேல் அளவு 148, 136, 129 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. எது சரி?

பதில்: முதல் ரீடிங் பெரும்பாலும் கூடத்தான் வரும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி 5 நிமிஷம் பேசாமல் உட்காருங்க. பிறகு ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு ரீடிங். காலையில் மாத்திரைக்கு முன், மாலையிலும், 7 நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுங்க. 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் காட்டணும். நல்ல நம்பரை மட்டும் பொறுக்கி எழுதாதீங்க!

பதில்: கையில் சுற்றும் பட்டையையும் கவனிங்க. கைக்குச் சின்னதாக இருந்தால் கூட்டிக் காட்டும். கை தொங்கினாலும் அப்படித்தான். மேஜைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்க.

பதில்: காபி, சிகரெட் அரை மணி முன்பே நிறுத்தணும். 180/120-க்கு மேல் போய் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் சராசரியெல்லாம் பார்க்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.